நாளைக்கு யாராவது கேட்டால்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் குடியிருப்பவர்களுக்கு ஒரு குரல் நன்றாகப் பழக்கம். வார இறுதிக் காலைகளில் ஒரு சின்ன லாரி ஊர்ந்து வரும். அதன் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஒன்று "சூராட் காபார் லாமா" என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போகும். பழைய பேப்பர். வீட்டு வாசலில் கட்டி வைத்த பேப்பரைத் தூக்கிக் கொடுத்தால் எடை போட்டுக் கையில் சில வெள்ளி தருவார்கள். பெரும்பாலான வீடுகளில் செய்தித்தாளின் ஆயுள் அதோடு முடிந்துவிடும். சில வீடுகளில் மட்டும் அந்தக் குரல் கேட்டதும் ஒருவர் எழுந்துபோய் கேட்டைச் சாத்திவிட்டு வருவார். அப்படிச் சாத்துகிறவர்களைச் சேகரிப்பாளர் என்று சொல்வதா, குப்பை சேர்ப்பவர் என்று சொல்வதா என்பதுதான் சில மாதங்களாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

கேள்வி சும்மா வரவில்லை. கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் வாத்தியார்தான், எனக்கும் அப்படியே. ஒரு மாடி வரிசை வீடு, மூன்று அறை. 1971இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வாங்கிய தமிழ் நேசன், ஞாயிறு பதிப்புகள், வார இதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இரண்டு அறைகள் நிரம்பி, ஹாலில் பாதியும் போய்விட்டது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். அவர்கள் என்னிடம் போனில் கேட்டது இதுதான்: "நீங்க எழுதுறவர். நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. எது வேணும், எது வேணாம்னு பாத்துச் சொல்லுங்க."

போனேன். வாத்தியார் கட்டுகளைக் காட்ட ஆரம்பித்தார். அவர் மனைவி தேநீரைக் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னார்: "இந்த வீட்ல நான் எங்க உக்காந்து காய் நறுக்குறது தம்பி? அதச் சொல்லுங்க மொதல்ல. அப்புறம் வரலாறு பேசலாம்."

வாத்தியார் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நாளைக்கு ஒரு பிள்ளை வந்து கேட்டா என்ன பண்றது? நேசனே நின்னு போச்சு, இனி எங்க தேடுறது?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இந்த நாட்டில் எழுதப்பட்ட எத்தனையோ சிறுகதைகள் அதன் ஞாயிறு பதிப்பில் வந்ததோடு சரி, புத்தகமாகவே ஆகவில்லை. எழுதியவரிடமே பிரதி இல்லாத கதைகள் உண்டு. நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் 1986இல்தான் வந்தது. அதற்கு முந்தைய துண்டறிக்கையும் மலரும் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் தப்பிப் பிழைத்தால்தான் உண்டு. ஆனால் காய் நறுக்க ஓர் இடம் வேண்டும் என்பதும் உண்மை. அந்த அக்கா நாற்பது வருடமாக அந்தக் கட்டுகளைச் சுற்றி நடந்து நடந்தே சமைத்திருக்கிறார்.

எண்ணிக்கையை வைத்துக் கோடு போடலாமா என்று முதலில் யோசித்தேன். அது நிற்கவில்லை. ஆயிரம் தபால்தலை ஒரு ஷூ பெட்டியில் அடங்கும், நான்கு பியானோ ஒரு வீட்டை விழுங்கிவிடும். ஒழுங்கை வைத்துச் சொல்லலாமா? பிரிக்பீல்ட்ஸ் பிளாட் ஒன்றில் என் நண்பர் ஒருவர் தமிழ்ப் பாட்டு கேசட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, ஆண்டு வாரியாக ஒட்டுத்தாள், ஒரு தூசி கிடையாது. யாரையும் தொட விடமாட்டார், அவரும் போட்டுக் கேட்பதில்லை. கோலாலம்பூர் ஈரத்தில் காந்த நாடாவில் பூஞ்சை பூக்கும், அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். வெளியே அழகாக அடுக்கியிருக்கும் அந்தப் பெட்டிகளுக்குள் எத்தனை இன்னும் பாடும் என்று அவருக்கே தெரியாது. பார்க்கிறவர்கள் அவரை அருமையான சேகரிப்பாளர் என்கிறார்கள். வாத்தியாரைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ பேரை மாற்றிச் சொல்வதாகத்தான் படுகிறது.

இதே சிக்கல் நமக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் ஓர் இடத்திலும் உண்டு. இங்கிலாந்தில் பழைய ஏர்கன்களைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பர்மிங்காமில் செய்த பிஎஸ்ஏ, வெப்லி துப்பாக்கிகள் மேல் அவர்களுக்குத் தீராத ஆசை. குறைந்த விசை கொண்ட ஏர்கன்களுக்கு அங்கே உரிமம் வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசியிலிருந்து வேண்டும். அதனால் ஒன்று நாலாகி, நாலு நாற்பதாவது எளிது. அந்தப் பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளில் பிஸ்டன் முனையில் தோல் வளையம் இருக்கும். எண்ணெய் படாமல் விட்டால் காய்ந்து சுருங்கும். அப்புறம் காற்று கசியும், சுட்டால் குண்டு பக்கத்திலேயே விழும். ஆக, ஒவ்வொன்றையும் அவ்வப்போது எடுத்து எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மனிதனால் எத்தனைக்கு அப்படிச் செய்ய முடியுமோ அத்தனை வரைக்கும் சேகரிப்பு, அதற்கு மேல் சுவரில் தொங்கும் இரும்பு என்று ஒருவர் வாதாடலாம். நல்ல வாதம்தான்.

நம் ஊரில் அந்த ஆசைக்கே இடமில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர்கன்னும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. உனக்கு எதற்கு இது என்று அரசாங்கம் வாசலிலேயே கேட்டுவிடுகிறது. பேப்பருக்கு அப்படிக் கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை. கேட்பதற்கு உரிமை உள்ள ஒரே ஆள் வீட்டில் இருப்பவர்தான், அவர் கேட்டால் மட்டும் அது நச்சரிப்பு என்று ஆகிவிடுகிறது.

பராமரிப்பு என்ற அளவுகோலும் எனக்குப் போதவில்லை. நாற்பது துப்பாக்கிக்கும் தவறாமல் எண்ணெய் விடுகிறவர் ஒருவர் இருக்கலாம். அவர் மகள் படிக்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கலாம். அங்கே துப்பாக்கிக்குக் குறையில்லை.

நம் மரபு இதை எப்படிப் பார்த்தது என்று தேடினால் திருக்குறளின் 'நன்றியில் செல்வம்' அதிகாரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு பணத்தைப் பற்றியது. சேர்த்தவன் தானும் துய்க்கவில்லை, பிறருக்கும் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. பணம் என்றால் துய்ப்பதும் ஈவதும் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கிலோவுக்குச் சில காசு பெறும் பேப்பரைத் துய்ப்பது எப்படி? யாருக்கு ஈவது? வாத்தியார் கருமியில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் காலணி வாங்கிக் கொடுத்தவர். அவரை அந்த அதிகாரத்துக்குள் நிறுத்துவது அநியாயம்.

மருத்துவர்கள் வேறு பக்கமிருந்து வருகிறார்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் பொருள் குவிப்பைத் தனி நோயாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்பு அதைப் பெரும்பாலும் மனச்சுழற்சிக் கோளாறின் ஓர் அறிகுறியாகவே பார்த்தார்கள். பொருளின் மதிப்பு எதுவானாலும் அதைப் பிரிய முடியாமை, பிரிய நேர்ந்தால் வரும் வேதனை ஆகியவை அந்த வரையறையில் உண்டு. அதோடு எனக்குப் பிடித்த ஒரு நிபந்தனையும் உண்டு: வீட்டின் அறைகளை அவை எதற்காக இருக்கின்றனவோ அதற்குப் பயன்படுத்த முடியாமல் போவது. சமையலறையில் சமைக்க முடியவில்லை, கட்டிலில் படுக்க முடியவில்லை. அந்த அக்கா கேட்ட காய் நறுக்கும் கேள்வி அப்படியே மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் நோய் என்று சொன்னவுடன் ஒழுக்கக் கேள்வி கைநழுவிவிடுகிறது. நோயாளியிடம் நாம் கணக்குக் கேட்பதில்லை. வாத்தியாரிடம் கணக்குக் கேட்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். அது அவருக்குச் செய்யும் மரியாதையும்கூட.

குவிப்புக்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் நியூயார்க்கின் கோலியர் சகோதரர்கள். ஹார்லெமில் ஒரு பழைய மாளிகை. அண்ணன் ஹோமருக்குப் பார்வை போய்விட்டது, கைகால் முடங்கிவிட்டது. தம்பி லாங்லிதான் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1947 மார்ச்சில் போலீஸ் உள்ளே போனபோது ஹோமர் இறந்து கிடந்தார். லாங்லியைக் காணவில்லை என்று ஊரெல்லாம் தேடினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கழித்து, அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், குப்பைக்கு அடியில் கண்டுபிடித்தார்கள். திருடர்களுக்கென்று அவரே வைத்திருந்த பொறி அவர் மேலேயே சரிந்திருந்தது. சாப்பாடு எடுத்துப்போன வழியில்தான் மாட்டிக்கொண்டார் என்கிறார்கள். நூறு டன்னுக்கு மேல் பொருள்களை அள்ளினார்கள், பதினான்கு பியானோ உட்பட.

இதில் எல்லோரும் பொறியையும் பியானோவையும் பேசுகிறார்கள். என்னை நிறுத்தியது செய்தித்தாள். மலை மலையாகப் பேப்பர் எதற்கு என்று கேட்டதற்கு லாங்லி சொன்ன காரணம், அண்ணனுக்குப் பார்வை திரும்பும்போது விட்டுப்போன செய்தியையெல்லாம் படிக்க வேண்டுமல்லவா என்பது. அன்பில்தான் தொடங்கியிருக்கிறது. தனக்காக அவர் சேர்க்கவில்லை. என்றைக்கோ கண் திறக்கப்போகும் ஹோமருக்காகச் சேர்த்த பேப்பர், இன்றைக்குப் பசியோடு அறையில் உட்கார்ந்திருந்த ஹோமருக்குச் சோறு வரும் வழியை அடைத்துவிட்டது. பட்டினியும் இதய நோயும் சேர்ந்து அவர் இறந்தார்.

இதைப் படித்த பிறகுதான் வாத்தியார் வீட்டில் கேட்ட அந்த வாக்கியம், "நாளைக்கு ஒரு பிள்ளை வந்து கேட்டா" என்பது, எனக்கு வேறு மாதிரி ஒலித்தது. நாளைக்கு வரப்போகும் பிள்ளை ரொம்ப வசதியான ஆள். அவனுக்கு முகமில்லை, இடம் கேட்கமாட்டான், தும்மமாட்டான். அவன் பெயரைச் சொல்லி இன்றைக்கு வீட்டில் இருப்பவரின் வாயை அடைக்கலாம். சேகரிப்பாளனுக்கு இரண்டு தரப்பிடம் கடன் இருக்கிறது: கூரைக்குக் கீழே கூட இருப்பவர்கள், என்றோ கதவைத் தட்டப்போகிறவர்கள். ஒரு கடனைக் காட்டி இன்னொன்றைக் கட்டாமல் இழுத்தடிக்கிற இடத்தில்தான் குவியல் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது இரண்டு பக்கமும் வெட்டும். வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை என்று சொல்லி ஐம்பது வருட ஞாயிறு பதிப்பையும் லாரியில் ஏற்றிவிடுவது, நாளைக்கு வருபவனுக்குச் செய்யும் அதே அநியாயம்.

'கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரையும் அன்றைக்கு ஊர் பைத்தியம் என்றுதானே சொல்லியிருக்கும்' என்று வாத்தியார் தன் பக்கத்துக்கு ஒரு சாட்சியைக் கொண்டுவந்தார். பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர் முத்தையா. புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படி சேர்த்தார். 1992இல் இறந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்கியது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற யாரும் இன்று அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. காலம் எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் என்பது வாத்தியாரின் கட்சி.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. காலம் பின்னால் வந்து காப்பாற்றும் என்றால் லாங்லிக்கும் அதே நம்பிக்கை இருந்தது. முத்தையாவைச் சிகாகோ சேகரிப்பாளராக்கவில்லை. அவர் இருக்கும்போதே கோட்டையூருக்கு ஆய்வாளர்கள் போய்ப் படித்தார்கள், கேட்டதை அவரால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அதோடு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. செட்டிநாட்டு வீட்டில் இடம் இருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடுகள், தெருவிலிருந்து தெரு வரை நீளும் கட்டடங்கள், சீர் சாமான் வைக்கவே தனி அறைகள் கொண்ட ஊர் அது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டிக்கடை வைத்த செட்டியார்களின் லாபத்தில் ஒரு பகுதி அங்கேதான் சுவராக நிற்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்து, கிள்ளானில் வரிசை வீட்டுக்குக் கடன் கட்டி முடித்த ஒரு வாத்தியாருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஆசைதான். ஒருவர் வீட்டில் அது நூலகமாகிறது, இன்னொருவர் வீட்டில் மனைவியின் இடுப்புவலியாகிறது. இதைப் பேசாமல் சேகரிப்பைப் பற்றி ஒழுக்கம் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

புதுக்கோட்டை ஞானாலயாவை இதற்கு அடுத்து வைத்துப் பார்க்கலாம். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதி உருவாக்கிய தனியார் நூலகம் அது, முதல் பதிப்புகளுக்குப் பேர்போனது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். வாத்தியார் வீட்டுக் கட்டுகளை யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. அக்காவின் உழைப்பு அந்தக் கட்டுகளில் வேண்டிய அளவு இருக்கிறது, சம்மதம்தான் இல்லை.

இனி தட்டப்போகிறவர்களின் தரப்பு. நாற்பது வருடத்தில் எத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணு பேரு" என்றார். அதில் ஒருவர், 1978இல் ஞாயிறு பதிப்பில் வந்த தன் அப்பாவின் கதையைத் தேடி பந்திங்கிலிருந்து வந்த ஒரு பெண். அப்பாவுக்கு அது ஒரே கதை, வீட்டில் பிரதி இல்லை. வாத்தியார் தேடி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. உள்ளே இடமில்லாததால் அந்தப் பெண் இரண்டு நாளும் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கதை கிடைத்தது. போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

மூன்று பேர் என்பது குறைவா? ஒரு கதை தப்பியதற்கு அந்த ஒரு பெண் போதும் என்பேன். ஆனால் கட்டுகளுக்கு ஒரு பட்டியல் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. பட்டியல் இல்லை என்பதால் வாத்தியார் மட்டும்தான் பட்டியல். எது எங்கே என்று அவர் தலைக்குள் இருக்கிறது, அவருக்கு வயது எழுபத்தெட்டு.

2021 டிசம்பர் 18இல் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டோம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வடிந்த பிறகு தெருவுக்குத் தெரு வீட்டுச் சாமான்கள் சேறாகக் குவிந்து கிடந்தன. மெத்தை, ஐஸ் பெட்டி, பள்ளிப் புத்தகம், கல்யாண ஆல்பம். எந்த வீட்டில் சேகரித்தார்கள், எந்த வீட்டில் சும்மா வாழ்ந்தார்கள் என்று அந்தக் குவியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பிரதி ஒரே வீட்டில் இருப்பதன் பொருள் அன்றைக்கு எனக்குப் புரிந்தது. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து ஒரே இரவுக்காகக் காத்திருக்க வைக்கிறோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது போன சுமார் 97,000 நூல்களில், வேறெங்கும் பிரதி இல்லாதவையும் ஏடுகளும் இருந்தன. அது வன்முறை, இது மழை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒரே பிரதியை வைத்திருப்பவனுக்கு அது உரிமை மட்டுமில்லை என்பதற்கு இரண்டுமே சாட்சி. படியெடுக்க விடாமல் அதைப் பூட்டி வைப்பவர், என் கேசட் நண்பரைப் போல எவ்வளவு அழகாக அடுக்கி வைத்தாலும், நாளைக்கு வருபவனின் கணக்கில் பெரிய கடனாளி.

வாத்தியாரிடம் இதையெல்லாம் இப்படி உபதேசமாகச் சொல்லவில்லை. அவர் என்னைவிடப் படித்தவர். நான் சொன்னது ஒன்றுதான்: "சார், அக்காவுக்கு ஓர் அறை, வர்றவங்களுக்கு ஒரு பட்டியல். மத்தது உங்க இஷ்டம்." தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவிட்டதைக் காட்டி, முரசுக் கட்டுகளையாவது விடலாம் என்றேன். "ஸ்கிரீன்ல தெரியிறதெல்லாம் பேப்பரா?" என்று கோபப்பட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே போன் செய்தார்.

முரசும், இரட்டைப் பிரதிகளும், ராமபாணப் பூச்சி அரித்துப் பொடியானவையும் வெளியே போயின. மலர்களும் துண்டறிக்கைகளும் ஹாலிலிருந்து நடு அறைக்குப் போயின. சமையலறைக்குப் பக்கத்து அறை காலியானது. ஜன்னலைத் திறந்தால் அக்கா வெளிச்சத்தில் உட்கார்ந்து தையல் மிஷினை ஓட்டுகிறார். பேப்பர் வாடை இன்னும் போகவில்லையாம். வாத்தியார் பள்ளி நோட்டில் கோடு போட்டு ஆண்டு, மாதம், தேதி, யார் கதை, எந்தக் கட்டு என்று எழுதிக்கொண்டு வருகிறார். நான் ஞாயிறுதோறும் போய்ப் படம் எடுக்கிறேன். எடுத்த படங்கள் மூன்று வீட்டில் இருக்கின்றன, என் வீட்டையும் சேர்த்து. 1979 முடிந்துவிட்டது. 1980 கட்டு சாமி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் அலமாரியை நகர்த்த வேண்டும், அதற்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். பந்திங் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.